ஸ்டாக்ஹோம் சுரங்க ரயிலின் நீலத் தடம்: ஒரே டிக்கெட்டில் பார்க்க வேண்டியவை

ஊரிலிருந்து ஸ்டாக்ஹோம் வருகிற சொந்தக்காரர்களை நான் முதலில் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போவதில்லை. நகர மையத்தில் இருக்கிற டி-சென்ட்ரலன் சுரங்க ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய், நிலையங்களில் வரைந்திருக்கிற ஓவியங்களைப் பார்க்க நீலத் தடத்தில் ஏற்றிவிடுகிறேன். ஒரு டிக்கெட் 75 நிமிடம் செல்லும். அதற்குள் எங்கே இறங்கினாலும், வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாலும் தனிக் கட்டணம் கிடையாது. வாசலில் வங்கி அட்டையைக் காட்டினால் கதவு திறந்துவிடும். சுற்றுலாப் பேருந்துக்குக் கேட்கிற காசோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இந்தத் தடம் 1975-ல் திறந்தது. பாறையைக் குடைந்தவர்கள் டைல்ஸ் ஒட்டி மூடாமல், மேலே கான்கிரீட்டைத் தெளித்துக் குகையாகவே விட்டுவிட்டார்கள். டி-சென்ட்ரலனில் அந்தக் குகைக் கூரை முழுக்க வெள்ளையில் நீல இலைக் கொடிகள். ஓவியர் பெர் ஓலோஃப் உல்ட்வெட். அவசரமாக ஓடுகிற ஜனங்களின் மனசு கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தாராம். எனக்குப் பிடித்தது கொடிகள் அல்ல. கூரையின் இன்னொரு பகுதியில், நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களை வரைந்திருக்கிறார். ரிப்பன் வெட்டியவர்கள் பெயரைக் கல்லில் பொறிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அது உறைக்கத்தான் செய்யும்.

சோல்னா சென்ட்ரும் நிலையத்துக்குப் போக 11-ம் எண் ரயில். கூரை செக்கச் செவேலென்று இருக்கும், கீழே பச்சைக் காடு. மாமாவைக் கூட்டிப்போனபோது எஸ்கலேட்டரில் நின்றபடியே, "என்ன மாப்ளே, எமலோகத்துக்கா கூட்டிட்டுப் போற?" என்றார். எல்லோரும் அந்தச் சிவப்பைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுவரோடு நடந்து பாருங்கள். கிராமங்கள் காலியானது, காடு அழிந்தது என்று எழுபதுகளின் ஸ்வீடனுடைய கவலைகளைத்தான் அங்கே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

வழியில் வேஸ்ட்ரா ஸ்கூகனில் 67 மீட்டர் நீள எஸ்கலேட்டர். குழந்தைகள் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

குங்ஸ்ட்ரேட்கோர்டன் நிலையத்தை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். 1825-ல் எரிந்துபோன மாகலோஸ் என்ற அரண்மனை மேலே இருந்தது. அதன் சிற்பங்களின் நகல்களைக் கீழே பாறை ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். பாறை சில இடங்களில் அப்படியே தெரிகிறது. நீர் கசிந்து, விளக்கு வெளிச்சம் படுகிற இடங்களில் பாசி பிடித்திருக்கிறது. ஸ்வீடனில் வேறெங்கும் தென்படாத ஒரு குட்டிச் சிலந்தி இனம் இந்தக் கசிவுக்குள்தான் வாழ்கிறதாம். நான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன், இன்னும் கண்ணில் படவில்லை.

என் ஆபீஸ், அதே 11-ம் எண் ரயில் போகிற ஷிஸ்டாவில். அதற்கு முந்தின ஷும்லிங்கே நிலையத்தைப் பாதி கட்டிவிட்டுத் திறக்கவே இல்லை. ரயில் நிற்காமல் கடந்துவிடும். 'செத்தவர்கள் மட்டுமே ஷும்லிங்கேயில் இறங்குவார்கள்' என்பது இந்த ஊர்ப் பேச்சு. வெள்ளி நிறப் பேய் ரயில் ஒன்று அங்கே நிற்கும் என்கிற கதையும் உண்டு. திங்கள்கிழமை காலையில் எங்கள் பெட்டியில் இருக்கிற முகங்களைப் பார்த்தால் நம்பலாம்.

நேரம் மிச்சமிருந்தால் 10-ம் எண் ரயிலில் டென்ஸ்டா. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் அதிகம் வாழும் பகுதி. ஓவியர் ஹெல்கா ஹென்ஷென், அந்தக் குடியேறிகளுக்குக் கொடுத்த ரோஜா என்றே இந்த நிலையத்தை வரைந்திருக்கிறார். சுற்றுலாப் பயணிக் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை, நல்லதுதான்.

குறை என்றால், ஓவியம் யாருடையது, எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள ஒரு பலகையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வருவதற்கு முன்பே படித்துவிட்டு வாருங்கள். வார நாளில் காலை எட்டு மணிக்குப் போய்ப் படம் எடுக்க நின்றால் இடி வாங்குவீர்கள். ஞாயிறு காலை சௌகரியம்.

சிவப்புத் தடத்தில் ஸ்டேடியோன் நிலையத்து வானவில்லும் அழகுதான், ஆனால் அது ஐந்து நிமிட வேலை. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். அரையைக் குறைத்தது அந்தப் பலகைக்காக.