14 மாதம் ஆன்கியோடு: உளவியல் அடிப்படைகள் மனதில் நின்ற கதை

மலேசியாவின் பினாங்கில் இருக்கிறேன்: வீடு பட்டர்வொர்த்தில், வேலை கடலுக்கு அப்பால் ஜார்ஜ்டவுனில். காலையும் மாலையும் பெர்ரியில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் எனக்குப் படிப்பு நேரம். பகுதிநேரப் பட்டப்படிப்பில் அறிமுக உளவியல் எடுத்தபோது ஆன்கி என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலியைக் கைப்பேசியில் இறக்கினேன். பாடம் முடிந்து இரண்டு செமஸ்டர் ஆகிறது. செயலியை இன்னும் விடவில்லை.

வேலை எளிது. கேள்வி அட்டை வரும், மனதுக்குள் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். சரியாக வந்தது நாள் தள்ளி வரும், தப்பியது உடனே திரும்பும். இதற்கான காரணம் உளவியல் பாடத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, மறதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் மிக வேகம் என்று 1885-இல் எழுதினார். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நான் கோடு போட்டு நாலு தடவை வாசித்த பக்கங்கள் தேர்வு அறையில் ஏன் கைவிட்டன என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

ஆனால் முதல் இரண்டு மாதம் வீண். யாரோ செய்துவைத்த ஆங்கில அட்டைக்கட்டை இறக்கி, நாளுக்கு 20 புதிய அட்டை வீதம் ஓட்டினேன். சொல்லைக் கேட்டால் விளக்கம் வரும். ஒரு சம்பவத்தைக் கொடுத்து ‘இது எந்தக் கருத்து?’ என்று கேட்டால் வாயடைத்துப் போகும். அதை அழித்துவிட்டு என் அட்டைகளைத் தமிழில் நானே எழுதத் தொடங்கினேன்.

எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, சாயங்காலம் மோட்டாரில் ரொட்டிக்காரர் வருவார். ஹாரன் கேட்டதுமே அக்கா மகனுக்கு எச்சில் ஊறும். ரொட்டிக்கு எச்சில் ஊற யாரும் கற்றுத்தர வேண்டாம். ஹாரனுக்கு ஊறுவது பழகிப் பழகி வந்தது. சோதனையில் ஓசைக்கே எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாயைவிட இந்தப் பையன் என் மனதில் நன்றாக நின்றான். ஹாரன் கேட்டும் பல நாள் ரொட்டி வாங்கித் தராவிட்டால்? எச்சில் குறைந்து மறையும். கொஞ்ச நாள் ஹாரனே கேட்காமல் இருந்து திடீரென்று கேட்டால்? மறைந்தது கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஒரே காட்சியில் மூன்று அட்டைகள்.

என்னை அதிகம் படுத்தியது ‘எதிர்மறை வலுவூட்டல்’. எட்டு முறை தப்பியதும் ஆன்கி அந்த அட்டையை நிறுத்தி ‘லீச்’ என்று குறி போட்டுவிட்டது. நம் மொழியில் அதுவும் அட்டைதான், ரத்தம் குடிக்கிற அட்டை. சிக்கல் அந்தச் சொல்லில் இருந்தது. எதிர்மறை என்றதும் மனம் தண்டனைப் பக்கம் ஓடிவிடுகிறது. உண்மையில் அது கழித்தல். தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு செயல் கூடுகிறது. தண்டனையில் செயல் குறையும். அட்டையை மாற்றி எழுதினேன்: ‘காரில் பெல்ட் போடும்வரை டிங் டிங். போட்டதும் நிற்கிறது. மறுநாள் ஏறியதுமே போடுகிறோம். ஏன்?’ அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தப்பவில்லை.

குறைகளும் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் வேலைகளில் ஒன்பது நாள் விட்டேன். திறந்தால் 600-க்கு மேல் பாக்கி. புதிய அட்டைகளை நிறுத்தி, நாளுக்கு 60 என்று வரம்பு வைத்து மெல்லக் கரைத்தேன். பிறகு எந்த அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் கணக்கீட்டை ஆன்கியில் இயக்கி, நினைவு இலக்கை 90 விழுக்காட்டில் வைத்ததும் தினச் சுமை இறங்கியது. செயலியை ஐபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம்.

வாதங்களுக்கு இது உதவாது. குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு கட்டங்களும் வயதும் அட்டையில் நிற்கும். மறைத்த பொருள் அங்கேயே இருக்கிறது என்று குழந்தை அவர் சொன்னதைவிட முன்பே உணர்கிறது என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதை நோட்டில் பத்தியாக எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும்.

தங்கை அடுத்த மாதம் இதே பாடத்தைத் தொடங்குகிறாள். “அக்கா, உன் அட்டையெல்லாம் எனக்கு அனுப்பு” என்றாள். ரொட்டிக்காரர் அட்டைகள் மூன்றை மட்டும் மாதிரிக்கு அனுப்பிவிட்டு, “மிச்சத்த நீயே எழுதும்மா” என்று சொல்லியிருக்கிறேன்.