மாமனாரோட ராணுவ ரெக்கார்டுல விட்டுப்போன மெடல்கள்: செயின்ட் லூயிஸ் ரெக்கார்ட்ஸ் சென்டர் ரிவ்யூ

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க வீடுகள்ல கல்யாண சம்பந்தத்துல ஒரு வியட்நாம் காலத்து வீரர் இருக்கறது இப்போ சகஜமாயிடுச்சு, எங்க வீட்ல அது என் மாமனார். அவரோட டிஸ்சார்ஜ் பேப்பர்ல விட்டுப்போன மெடல்களை சேர்க்கறதுக்காக மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ்ல இருக்கற நேஷனல் பர்சனெல் ரெக்கார்ட்ஸ் சென்டர், அதாவது என்பிஆர்சி, அங்கேர்ந்து ஆரம்பிச்சு முழு ப்ராசஸும் நான்தான் கூட இருந்து பண்ணேன். தமிழ்ல இதப்பத்தி தேடினா ஒண்ணுமே கிடைக்கல, அதான் எழுதறேன். 5க்கு 4 ஸ்டார், மனசார குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் குறைஞ்சதுக்கு காரணம், ரெக்கார்டு ஒரு ஊர்ல, மெடல் இன்னொரு ஊர்ல, திருத்தம் பண்றது வேற ஒரு ஆபீஸ்னு பிரிஞ்சு கிடக்கறது, எழுபது எண்பது வயசு மனுஷங்க தனியா இத பிடிச்சு முடிக்கறது ரொம்ப கஷ்டம்.

முதல்ல ஒரு விஷயம், இது இலவசம். படைவீரர் கேட்டாலும் சரி, அவர் இறந்துட்டா அவரோட மனைவி, பசங்க, கூடப்பிறந்தவங்க மாதிரி நெருங்கின உறவு கேட்டாலும் சரி, டிஸ்சார்ஜ் பேப்பர் காப்பிக்கு ஒரு டாலர் கூட கிடையாது, 62 வருஷத்துக்கு முன்னாடி வெளிய வந்தவங்க ஃபைலுக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஆனா நெட்ல தேடினா மேலயே விளம்பரமா வர்றது காசு வாங்கற தனியார் தளங்கள்தான், பார்க்க கவர்மென்ட் மாதிரியே கொடியும் கழுகும் போட்டு வெச்சிருப்பாங்க, உள்ள போனா ரெக்கார்டு கேக்கறதுக்கான எஸ்எஃப் 180ங்கற அரசு பாரத்த நமக்காக நிரப்பி அனுப்பறதுக்கு காசு கேப்பாங்க. அங்க போகவே போகாதீங்க. என்பிஆர்சிய நடத்தற அரசு அமைப்பு நேஷனல் ஆர்க்கைவ்ஸ், அவங்க சைட்டுல இவெட்ரெக்ஸ்னு ஒரு ஆன்லைன் விண்ணப்பப் பக்கம் இருக்கு, அதுலயே நேரா போடலாம், இல்லன்னா பாரத்த பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு தபால்ல அனுப்பலாம்.

இப்போ பேப்பருக்கு வர்றேன். அமெரிக்க ராணுவத்துல வேலை முடிஞ்சு வெளிய வரும்போது குடுக்கறது டிடி 214. மாமனாரோடது 1969ல டைப்ரைட்டர்ல அடிச்சது, எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு நிக்கும். அதுல 24ஆவது கட்டம்தான் மெடல்களுக்கானது, அந்த கட்டத்துல ரெண்டே ரெண்டு சுருக்கெழுத்து, நேஷனல் டிஃபன்ஸ் சர்வீஸ் மெடல், வியட்நாம் சர்வீஸ் மெடல், அவ்ளோதான், மீதி இடம் முழுக்க எக்ஸ் எக்ஸ் எக்ஸுன்னு அடிச்சு மூடிட்டாங்க. ஒரு வருஷம் வியட்நாம்ல சரக்கு லாரி ஓட்டி, கூ சிலேர்ந்து தாய் நின் வரைக்கும் கான்வாய் போன மனுஷனுக்கு ரெண்டே வரிதானான்னு எனக்கு நிஜமாவே ஆத்திரம் வந்துது.

ஆனா எல்லாத்துக்கும் அந்த டைப் அடிச்ச கிளார்க்க திட்ட முடியாது, இத நான் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது. வியட்நாம் குடியரசு, அதாவது அப்போ இருந்த தெற்கு வியட்நாம், குடுத்த கேலன்ட்ரி கிராஸ் யூனிட் விருது இருக்கே, அத வியட்நாம்ல இருந்த அமெரிக்க ராணுவத்தோட எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ஆர்மி அறிவிச்சது 1974ல, 8ஆம் நம்பர் ஜெனரல் ஆர்டர். மாமனார் வெளிய வந்தது 1969. அப்போ இல்லாத விருதை எந்த கிளார்க்கும் டைப் அடிக்க முடியாதுல்ல? அவர மாதிரி முன்னாடியே வெளிய வந்த எத்தனையோ பேர் பேப்பர்ல அது இருக்காது, நாமளா கேட்டாத்தான் ஏறும், வீடு தேடி யாரும் வந்து சேர்த்துட்டு போக மாட்டாங்க.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான். டிடி 214 மட்டும் கேக்காதீங்க, முழு ஃபைலையும் கேளுங்க. பாரத்துல என்ன வேணும்னு எழுதற இடத்துல மொத்த பர்சனெல் ஃபைல்னு தெளிவா போடுங்க. உண்மையான புதையல் அந்த ஃபைலுக்குள்ள இருக்கற டிஏ 20ன்னு ஒரு அட்டை, சிப்பாய் எந்த தேதில எந்த யூனிட்ல இருந்தாரு, எந்த நாட்டுக்கு போனாரு, எந்த போர்க்கட்டத்துல இருந்தாருன்னு எல்லாமே அதுல இருக்கும். 38ஆவது கட்டத்துல யூனிட் வரிசையா எழுதி, பக்கத்துல நடத்தைக்கு ஒரு கட்டம், திறமைக்கு ஒரு கட்டம், மாமனாருக்கு பேசிக் ட்ரெயினிங்லேர்ந்து கடைசி யூனிட் வரைக்கும் எல்லா வரிசைலயும் எக்ஸலன்ட்டுங்கறதுக்கு சுருக்கம், கையால எழுதினது, ஒரு எடத்துல கூட குறை இல்ல. அத பார்த்துட்டு என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அந்த பக்கத்த விட்டு நகரவே இல்ல, அவங்கப்பா பத்தி அவருக்கே தெரியாத விஷயம் அது.

அந்த எக்ஸலன்ட் வெறும் பெருமைக்கு இல்ல, அதுதான் ஆதாரம். குட் கான்டக்ட் மெடலுக்கு, அதாவது நன்னடத்தைக்கான மெடலுக்கு, வழக்கமா 3 வருஷம் சர்வீஸ் வேணும், ஆனா முதல் தடவை வாங்கறவங்களுக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு மேல இருந்து சர்வீஸ் முடிஞ்சு வெளிய வந்தாலே போதும்னு ரூல் இருக்கு. டிராஃப்ட்ல, அதாவது கட்டாய ராணுவ சேவைல, போன பசங்க எல்லாம் 2 வருஷம்தான் இருந்தாங்க, அவசர அவசரமா வெளிய அனுப்பினப்போ நிறைய பேருக்கு இது விட்டுப்போச்சு. நடத்தை எல்லாம் எக்ஸலன்ட், தண்டனை எதுவும் ஃபைல்ல இல்ல, குடுக்கக் கூடாதுன்னு எந்த கமாண்டரும் எழுதி வைக்கல, இந்த மூணையும் காட்டினா கேஸ் நல்லா நிக்கும்.

அப்புறம் வியட்நாம் சர்வீஸ் மெடல் ரிப்பன் மேல குத்தற குட்டி வெண்கல நட்சத்திரங்கள். அந்தப் போர 17 கட்டமா பிரிச்சிருக்காங்க, ஒரு கட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். மாமனார் இருந்தது 1968 ஏப்ரல்லேர்ந்து 1969 ஏப்ரல் வரைக்கும், அந்த தேதிய வெச்சு பார்த்தா 4 கட்டம் வருது, அவருக்கு கடைசி கட்டம் 1969 பிப்ரவரி 23ல ஆரம்பிச்ச டெட் 69. ஆக 4 நட்சத்திரம், பேப்பர்ல ஒண்ணு கூட இல்ல. யூனிட் விருதுகளுக்கு டிஏ பேம்ப்லட் 672-3ன்னு ஒரு பதிவேடு இருக்கு, எந்த யூனிட்டுக்கு எந்த தேதிக்கு என்ன விருதுன்னு வரிசையா போட்டிருக்கும், ஃபைல்ல இருக்கற யூனிட் பேரையும் தேதியையும் வெச்சு அதுல தேடினா போதும். 6 மாசத்துக்கு மேல வியட்நாம்ல இருந்தவங்களுக்கு அந்த நாட்டு கேம்பெயின் மெடலும் உண்டு, 1960னு பட்டை போட்டது, அதுவும் விட்டுப்போயிருந்துது.

இதெல்லாம் கிடைச்சுது. கிடைக்காதது ஒண்ணு இருக்கு, மாமனார் வாய்விட்டு கேட்டதே அத ஒண்ணுதான். டிரைவர் பேட்ஜ். விபத்தில்லாம வண்டி ஓட்டினவங்களுக்கு குடுக்கற சின்ன பேட்ஜ், கீழ டிரைவர்னு ஒரு பட்டை தொங்கும். அது அந்த தேதில அந்த இடத்துல இருந்தாலே தானா வர்ற விருது இல்ல, கமாண்டர் ஒத்துக்கிட்டு ஆர்டர் போட்டிருக்கணும், ஃபைல்ல அப்படி ஆர்டர் இல்ல. நேர்ல பார்த்தவங்களே சொன்னாலும் பேப்பர் இல்லாம இது நகராது. எனக்கு இது இன்னமும் வருத்தம்தான், ரூல் புரியுது, ஆனாலும் வருத்தம். பர்ப்பிள் ஹார்ட் கேக்கறவங்களுக்கும் இதே கஷ்டம்தான், எதிரி தாக்குதல்ல காயம், அதுக்கு மருத்துவர்கிட்ட சிகிச்சை, அந்த சிகிச்சை ரெக்கார்டுல ஏறியிருக்கணும், மூணும் வேணும்.

திருத்தம் எப்படி வரும்னா, பழைய டிடி 214ஐ அடிச்சு புதுசா தர மாட்டாங்க. டிடி 215ன்னு ஒரு திருத்தத் தாள் வரும், ரெண்டையும் சேர்த்து வெச்சுக்கணும், எங்க குடுத்தாலும் ரெண்டையும் குடுக்கணும். ஃபைல்லயே தெளிவா ஆதாரம் இருந்தா நிர்வாகத் திருத்தமாவே முடிஞ்சுடும். அது நடக்கலன்னா டிடி 149 பாரம் போட்டு ஆர்மியோட ரெக்கார்டு திருத்தும் போர்டுக்கு போகணும், சிவிலியன்கள் 3 பேர் உக்காந்து பார்ப்பாங்க, வக்கீல் கட்டாயம் இல்ல. தப்பு தெரிய வந்து 3 வருஷத்துக்குள்ள போடணும்னு சட்டம் சொல்லுது, ஆனா நியாயம் இருக்குன்னு போர்டு நினைச்சா அந்த கெடுவ தள்ளி வைக்கலாம், அதனால வயசானவங்க 'அம்பது வருஷம் ஆச்சே'ன்னு விட வேண்டாம். மனு எழுதும்போது கதையா எழுதாதீங்க, விருது பேரு, தேதி, எந்த பக்கத்துல ஆதாரம், அவ்ளோதான், ஒவ்வொரு விருதுக்கும் தனித்தனியா. எழுத வரலன்னா உங்க கவுன்ட்டில படைவீரர்களுக்கு உதவற வெட்டரன் சர்வீஸ் ஆபீசர் இருப்பாரு, அமெரிக்கன் லீஜன், டிஏவி மாதிரி முன்னாள் படைவீரர் சங்கங்களும் இருக்கு, காசு வாங்காம பண்ணுவாங்க.

மெடல் தனியா ஃபிலடெல்ஃபியாலேர்ந்து வரும், ஆர்மிக்கு அங்கதான் கிடங்கு. குட் கான்டக்ட் மெடல் ரொம்ப அழகா இருக்கு, சிவப்பு ரிப்பன்ல வெள்ளைக் கோடு, வெண்கலத்துல கழுகு. ஆனா வியட்நாம் நாடு குடுத்த மெடல்கள அமெரிக்க அரசு அனுப்பாது, பேப்பர்ல ஏத்துவாங்க, பொருள நாமதான் கடைல வாங்கிக்கணும், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. நாங்க வாங்கினோம், ஒண்ணும் பெரிய விலை இல்ல.

வெயிட்டிங் பத்தி கேப்பீங்க. கொரோனா சமயத்துல என்பிஆர்சில தேங்கின விண்ணப்பம் 6 லட்சத்தத் தாண்டுச்சு, ஏன்னா ஃபைல் எல்லாம் காகிதம், ஆள் போய் அலமாரிலேர்ந்து எடுக்கணும். 2024 ஆரம்பத்துல அந்த தேக்கத்த தீர்த்துட்டாங்க, அதுக்கப்புறம் டிடி 214 மட்டும்னா வேகமா வருது, முழு ஃபைலுக்கும் மெடலுக்கும் பொறுமை வேணும். போர்டு வரைக்கும் போனா இன்னும் ரொம்ப பொறுமை வேணும்.

கடைசியா, 1973 ஜூலை 12 தீ விபத்து பத்தி கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். அந்த சென்டரோட பழைய கட்டடத்துல 1 கோடியே 60 லட்சத்துலேர்ந்து 1 கோடியே 80 லட்சம் வரைக்கும் ஃபைல் எரிஞ்சு போச்சு, காப்பி எடுத்து வைக்கல, மைக்ரோஃபிலிமும் கிடையாது. 1912 நவம்பர்லேர்ந்து 1960 ஜனவரி வரைக்கும் ஆர்மிலேர்ந்து வெளிய வந்தவங்களோடது 80 சதவீதம் போச்சு, ஏர்ஃபோர்ஸ்லயும் 1947க்கும் 1964க்கும் நடுவுல வெளிய வந்தவங்கள்ல ஒரு பகுதிக்கு போச்சு. எங்க மாமியாரோட அப்பா ரெண்டாம் உலகப்போர் ஆளு, அவரோடது அதுல போனதுதான். அப்படிப்பட்டவங்களுக்கும் வழி இருக்கு, கடைசி சம்பள வவுச்சர், யூனிட்டோட தினசரி காலை ரிப்போர்ட், ஆஸ்பத்திரி அட்மிஷன் பதிவு இதையெல்லாம் வெச்சு சர்வீஸ உறுதிப்படுத்தி ஒரு சான்றிதழ் தருவாங்க. அதுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து சர்வீஸ் நம்பர், யூனிட் பேரு, போன ஊரு எல்லாம் வேணும், அதனால பரண்ல இருக்கற பழைய கடிதம், போட்டோ பின்னாடி எழுதினது எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, சர்வீஸ் நம்பர் பாதி நேரம் அந்த கவர் மேலதான் இருக்கும்.