எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு எந்த நோட்டு? ஸ்லாம் புக், ஆட்டோகிராப் நோட்டு, அச்சிட்ட நினைவு மலர்: ஒரு மதிப்பீடு

மார்ச் பிறந்ததும் பள்ளிக்கூடங்களை ஒட்டிய ஸ்டேஷனரிக் கடைகளில் ஸ்லாம் புக்குகள் முன்வரிசைக்கு வந்துவிடும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பிரிவின் மாதம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எட்டு வருடம் ஒரே வளாகத்தில் வளர்ந்துவிட்டு, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். பத்தாம் வகுப்புபோலப் பொதுத்தேர்வு பரபரப்பு இல்லாததால், இந்தப் பிரிவைப் பெரியவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பிள்ளைகள் கையில் மிஞ்சுவது ஒரு குரூப் போட்டோவும் ஒரு நோட்டும்தான். அதனால் அந்த நோட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் ஸ்லாம் புக். கெட்டி அட்டை, மினுமினுப்பு, சிலவற்றில் சின்னப் பூட்டும் சாவியும். உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கேள்விகள்: செல்லப்பெயர், பிடித்த நிறம், பிடித்த நடிகர், பிடித்த சாப்பாடு, என்னைப் பற்றி ஒரு வரி. குறை இங்கேதான் தொடங்குகிறது. பிடித்த நிறத்துக்கு முழு வரி, நட்பைப் பற்றிச் சொல்ல முக்கால் அங்குலம். முப்பத்தைந்து பேர் எழுதி முடித்தபின் புரட்டினால் முப்பத்தைந்து பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எழுதக் கூச்சப்படும் பிள்ளைக்குக் கேள்விகள் கைகொடுக்கும் என்பது உண்மை. அந்த ஒரு நன்மையை மறுப்பதற்கில்லை.

தாளும் சிக்கல்தான். பளபளப்பான ஆர்ட் தாளில் ஜெல் பேனா மை உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். எழுதியதும் மூடினால் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். அடர்நிறத் தாள் என்றால் நீலப் பேனா எழுத்து கண்ணுக்கே தெரியாது. ரிங் பைண்டிங்கில் துளை ஓரம் கிழிந்து தாள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பூட்டு துருப்பிடிக்கும், சாவி தொலையும், பிறகு பூட்டை உடைக்கும்போது அட்டையும் பிய்ந்து போகும்.

அடுத்தது பழைய ஆட்டோகிராப் நோட்டு: உள்ளங்கை அகலம், இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், வெளிர்நீலம் என மாறி மாறி வரும் கோடில்லாத தாள்கள். கேள்வி எதுவும் இல்லை என்பதே இதன் பலம். மழைநாளில் ஒரே குடையில் போனதையும், கபடியில் முழங்கால் தேய்ந்ததையும் எழுத இடம் இருக்கிறது. பெரும்பாலானவை 105 × 148 மில்லிமீட்டர், அதாவது ஏ6 அளவு. நாலு வரிக்கு மேல் எழுத நினைப்பவருக்கு அது போதாது. போட்டோவும் ஒட்ட முடியாது, ஏனென்றால் 4 × 6 அங்குலப் பிரிண்டே அதைவிடச் சற்று நீளமானது.

எங்கள் பரிந்துரை, கடையில் அலங்காரமில்லாமல் அடுக்கிக் கிடக்கும் ஏ5 அளவு கோடில்லாத தையல் பைண்டிங் நோட்டு. 148 × 210 மில்லிமீட்டர் என்பதால் 5 × 7 அங்குல குரூப் போட்டோ ஒரு பக்கத்தில் ஓரம் விட்டு உட்காரும். கணக்கு எளிது. முப்பத்தைந்து பேருக்கு ஆளுக்கு ஒரு தாள், அதாவது எழுபது பக்கம். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர் எல்லோருக்கும் சேர்த்து இருபது பக்கம். போட்டோவுக்கும் மற்றதற்கும் பத்து. நூறு பக்க நோட்டு போதும். சமையலரிடம் கையெழுத்து வாங்க மறந்துவிடாதீர்கள். எட்டு வருடம் தட்டில் சோறு போட்ட கை அது.

வாங்கும்போது மூன்று சோதனைகள். நோட்டை நடுவில் விரித்து மேஜையில் வையுங்கள். கையை எடுத்தபின்னும் விரிந்தே கிடந்தால் தையல் பைண்டிங். தானாக மூடிக்கொண்டு முதுகில் பசை மட்டும் தெரிந்தால் வேண்டாம், பத்துப் பேர் அழுத்தி விரித்ததும் பசை வெடித்துத் தாள் உதிரும். நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் ஆட்டம் காணும். இரண்டாவதாக, கடைசிப் பக்கத்தில் ஜெல் பேனாவால் எழுதி, பத்து வினாடி கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். இழுபட்டால் ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது, அதே பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. 80 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் பேனா எழுத்து பின்பக்கம் உறுத்தாது. அதைவிட மெலிந்த தாளில் ஸ்கெட்ச் பேனா ஊறி, பின்னால் எழுதுபவரின் பக்கத்தைக் கெடுத்துவிடும்.

பேனாவில் பந்துமுனைப் பேனாவே பத்திரம். தண்ணீரில் கரையாத நிறமி மை உள்ள ஜெல் பேனா கிடைத்தால் இன்னும் நல்லது. மைப்பேனா எழுத்து ஒரு மழைத்துளிக்கே கரைந்து ஓடும்.

ஸ்லாம் புக் அச்சிடுபவர்கள் கேட்கவே கேட்காத கேள்விகள் சில உண்டு. 2025–26இல் எட்டாம் வகுப்பை முடிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பின் கடைசியில், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. மூன்றாம் வகுப்பு முழுவதும் வகுப்பறையைப் பார்க்காமலே போனது. பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நடந்தது. 2021 நவம்பர் 1இல் பள்ளி திறந்தபோது அவர்கள் நான்காம் வகுப்பு. அதே காலத்தில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலேயே பாடம் நடத்தினார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு. முதற்கட்டத்தில் இடம்பெற்ற பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் நினைவிருக்கும். நோட்டின் முதல் எட்டுப் பக்கங்களை வகுப்புக்கு ஒன்றாக ஒதுக்கி, நண்பர்களிடம் கொடுப்பதற்கு முன் பிள்ளையே எழுதட்டும். மூன்றாம் வகுப்புக்குப் படம் இருக்காது. அந்தப் பக்கத்தில் பாடம் யார் கைபேசியில் வந்தது, கூட யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று எழுதினாலே போதும்.

போட்டோ ஒட்டுவதில் நடக்கும் தவறுகள் வருத்தம் தருபவை. செலோ டேப் சில வருடங்களில் மஞ்சளாகி விட்டுப்போகும், கறை மட்டும் தங்கும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கும். இருபக்க ஒட்டு டேப்போ, நாலு மூலையையும் பிடிக்கும் போட்டோ கார்னரோ நல்லது. பிவிசி உறைக்குள் போடாதீர்கள். வெயில் காலத்தில் அது படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமே உரிந்து வரும். பெயர்களைப் படத்தின் பின்னால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு தெரியும். எதிர்ப்பக்கத்தில் வரிசைப்படி, இடமிருந்து வலமாக எழுதுங்கள்.

வகுப்பே சேர்ந்து அச்சிடும் நினைவு மலர் மூன்றாவது வழி. ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால் அழகாக வரும், இல்லாவிட்டால் இறங்கவே வேண்டாம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்த படம் 4 × 6 அங்குலத்துக்குச் சமாளிக்கும், 8 × 12 அங்குல முழுப்பக்கத்தில் மங்கும். அதற்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2400 × 3600 பிக்சல் வேண்டும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கட்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கொ’, ‘கௌ’ போன்றவற்றில் கொம்பு தனியே கழன்று நிற்கும். பிரதியைக் கைபேசித் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லாமல் தாளில் எடுத்துப் பாருங்கள். தன் பெயரையும் இனிஷியலையும் ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே அச்சுக்குப் போகட்டும். வகுப்பு முழுவதற்கும் போன புத்தகத்தில் ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் பிழையாக நிற்பதைத் திருத்த வழியே இல்லை.

எந்த வகையை வாங்கினாலும் கடைசித் தேர்வு நாள்வரை காத்திருக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் முப்பத்தைந்து பேருக்கு எழுபது நிமிடம், அன்றைக்கு அவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள். மார்ச் நடுவிலேயே தொடங்கி, நோட்டை ஒரு நாளைக்கு இருவரிடம் மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கைபேசி எண் மாறிவிடும். ஒவ்வொருவரும் ஊர், தெரு, தாத்தா வீட்டு ஊர் ஆகியவற்றையும் எழுதட்டும். இடையில், ஐந்திலோ ஆறிலோ பள்ளி மாறிப் போனவர்களுக்கும் ஆளுக்கொரு தாள் விட்டு வையுங்கள். கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது எழுதுவார்கள்.