லண்டன் – சிட்னி: சிங்கப்பூர், கொழும்பு, துபாய், பெர்த்... எந்த வழி தேறும்?

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சிட்னிக்கு நேர் வான்தூரம் சுமார் 17,000 கி.மீ. 2019 நவம்பரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் சோதனைக்காக எங்கும் இறங்காமல் பறந்தபோது 19 மணி 19 நிமிடம் பிடித்தது. இடையில் இறங்கிப் போகிற யாரும் அதைவிடக் குறைவாக எதிர்பார்க்க வேண்டாம்.

தூரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. சிங்கப்பூர் வழி ஏறத்தாழ 17,180 கி.மீ., கொழும்பு 17,480, துபாய் 17,540, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் 17,780. குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே 600 கி.மீ.தான், மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 40 நிமிடம். இடைநிலையத்தில் காத்திருப்பு மூன்று மணி நேரம் நீண்டால் அந்த லாபம் போன இடம் தெரியாது.

பயணம் எங்கே உடைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வழியில் முதலில் 13 மணி நேரம், பிறகு 8. லண்டனில் இரவு ஏறினால் சிங்கப்பூரில் மறுநாள் மாலை, சிட்னியில் அதற்கடுத்த காலை. உடம்புக்கு இந்த ஒழுங்கு ஒத்துப்போகிறது. என் முதல் தேர்வு இதுதான். துபாயில் 7, பிறகு 14: நீளமான பகுதி களைத்த பிறகு வருகிறது. பெர்த் வழியில் ஒரே மூச்சில் 17 மணி நேரம் உட்கார வேண்டும். கால் வீக்கம், இரத்தம் உறையும் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வழியை எடுக்கக் கூடாது. பெர்த்தில் உள்நாட்டு விமானத்துக்கு மாறினால் குடிவரவு, சுங்கச் சோதனை இரண்டும் அங்கேயே. பெட்டியை எடுத்து மீண்டும் போட வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கொழும்பு வழி கிட்டத்தட்ட சரிபாதி. வயதானவர்களுக்கு நல்லது, ஊரில் இறங்கி உறவினரைப் பார்க்கவும் வசதி. ஆனால் இரண்டு விமானமும் பொருந்தும் நாளைப் பார்த்தே பதிய வேண்டும்.

டிக்கெட்டில் இருப்பது உள்ளூர் நேரம். லண்டனில் 20:30க்குப் புறப்பட்டு மூன்றாம் நாள் சிட்னியில் 06:30க்கு இறங்கினால் கடிகாரம் 34 மணி நேரம் காட்டும். சிட்னி நேரம் லண்டனைவிட முன்னால் ஓடுவதால், லண்டன் கோடையில் 9, குளிர்காலத்தில் 11 மணி நேரம் கழித்தால் உண்மையான பயண நேரம் 25 அல்லது 23. அக்டோபரின் பெரும்பகுதியில் கழிக்க வேண்டியது 10. திரும்பும்போது கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். மேற்கு நோக்கி எதிர்க்காற்று என்பதால் அந்தப் பயணம் ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். ஈரான் பக்கம் வான்வெளிச் சிக்கல் வந்தால் இன்னும் நீளும்: 2024 ஏப்ரலில் பெர்த்–லண்டன் விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கிப் போனது.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்கள் ஏறி இறங்கக் கட்டுப்பாடு உண்டு. இரவு 10 மணியை ஒட்டி இறங்கும் விமானம் தாமதமானால் மெல்பர்னுக்கோ பிரிஸ்பேனுக்கோ திருப்பி விடப்படலாம். காலையில் இறங்குவதையே எடுங்கள். இரண்டு பகுதியும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது புது டிக்கெட் உங்கள் செலவில்தான்.