முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம்: ஒரு மகப்பேறு பிரிவைப் பற்றி

முதல் குழந்தை தலை திரும்பாமல் இருந்ததால் எனக்குச் சிசேரியன் ஆனது. இரண்டாவது முறை முதலில் போன மருத்துவமனையில், பழைய கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஒருமுறை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான்" என்று தேதி குறிக்க முற்பட்டார்கள். 1916-இல் எட்வின் கிராகின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய வாக்கியம் அது. கர்ப்பப்பையைச் செங்குத்தாகக் கீறிய காலத்துக்கு உரியது. மனம் ஒப்பாமல் வேறு மருத்துவமனை தேடினேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது மருத்துவமனையின் மகப்பேறு பிரிவைப் பற்றியது.

அங்கே மருத்துவர் முதலில் கேட்டது பழைய அறுவைக் குறிப்பைத்தான். வயிற்றின் மேலுள்ள தழும்பு குறுக்காக இருந்தாலும் உள்ளே கர்ப்பப்பையில் கீறல் எப்படிப் போட்டார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும் என்று சொல்லி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல் என்று உறுதியான பிறகே பேச்சைத் தொடங்கினார். முயன்று பார்க்கும் நூறு பேரில் ஏறத்தாழ 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது என்பதையும், பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு உண்டு என்பதையும், அப்படி நேர்ந்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்குமே ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னார். பயமுறுத்தவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை.

குறைகளும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் சுகப்பிரசவத்தின் ஆபத்துகள் மட்டுமே ஒரு பக்கம் முழுக்க அச்சாகியிருந்தன. ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டையும் பார்க்காமல் ஒரு பெண் எப்படி முடிவெடுப்பாள்?

இதைவிடப் பெரிய குறை, வலி எடுத்துப் போன ஞாயிற்றுக்கிழமை இரவில் தெரிந்தது. "இன்று மயக்க மருத்துவர் வீட்டில் இருக்கிறார், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுங்கள்" என்று பணியிலிருந்த செவிலியர் படிவத்தை நீட்டினார். அவசரத்தில் உடனே அறுவை செய்ய ஆள் இருப்பதுதான் இந்தப் பிரசவத்துக்கு அடிப்படை என்பதால் அவர் கவலை நியாயமானது. ஆனால் விடுமுறை நாளில் அந்த ஏற்பாடு இல்லையென்றால் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்த பிறகே மயக்க மருத்துவர் வரவழைக்கப்பட்டார்.

அதன் பின் கவனிப்பில் குறையே சொல்ல முடியாது. தையல் விடுவதற்கான முதல் அறிகுறி பெரும்பாலும் குழந்தையின் இதயத் துடிப்பில்தான் தெரியும் என்பதால் அந்தத் துடிப்பைத் தாளில் பதிக்க வயிற்றில் கட்டிய பட்டையைக் கழற்றவே இல்லை. அதே செவிலியர் அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், வலி விட்ட நேரங்களில் தழும்பின் மேல் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் மகள் பிறந்தாள்.

இங்கே போக நினைப்பவர்கள் அறுவைக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். இரவிலும் விடுமுறையிலும் மயக்க மருத்துவர் மருத்துவமனையிலேயே இருப்பாரா என்று முதல் நாளே கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.