ஆறாம் தலைமுறை லாப்டொப்பில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, புரொசசரும் அதன் பட்டியலில் இருக்கவேண்டும். திருகோணமலை உவர்மலையில் என் மேசையில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை லாப்டொப், 4 ஜிபி ரம். அந்தப் பட்டியலில் அது இல்லை. நன்றாக ஓடும் பொருளைக் குப்பைக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 ஐ, பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் போட்டேன்.

தரவிறக்கம் கிட்டத்தட்ட 3 ஜிபி. இரவு டேட்டா உள்ளவர்கள் இரவிலேயே இறக்குங்கள். நிறுவமுன் பென் ட்ரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்தது.

தமிழ்தான் எனக்கு முக்கியம். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளுடன் பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது, நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. நான் ரெங்கநாதனில் பழகியவன், விரல்கள் தடுமாறவில்லை. ஆனால் கோயில் சபையின் பழைய கடிதங்கள் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருப்பவை. அந்த எழுத்துருவை நிறுவும்வரை லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தன. நிறுவியபின் வாசிக்க முடிகிறது, பக்க அமைப்பு மட்டும் கொஞ்சம் குலைகிறது. எந்தக் கணினியிலும் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிரந்தர வழி.

அப்டேட் எப்போது என்பதை நானே தீர்மானிக்கிறேன். வேலை நடுவே மறுதொடக்கம் இல்லை. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

குறை: என் பிரின்டர் அச்சிடுகிறது, ஸ்கேன் செய்யவில்லை. போட்டோஷொப் லினக்ஸில் நேரடியாக இயங்காது, அதில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.