வீட்டு அறையில் கர்நாடக இசைப் பதிவு: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

"எந்த மைக் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அறையைப் பற்றித்தான். எத்தனைக்கு எத்தனை அடி, தரை டைல்ஸா, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது. கேட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மாடல் நம்பரைச் சொல்லாமல் இவர் என்ன வாஸ்து பார்க்கிறார் என்று. மாடல் நம்பரும் சொல்கிறேன். ஆனால் சென்னையில் ஒரு பத்துக்குப் பத்து அறையில் பாட்டு, வீணை, மிருதங்கம் என்று பல வருடமாகப் பதிவு செய்து வருகிறவன் என்ற முறையில், பணத்தை முதலில் எதில் போடுவது என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு.

என்னிடம் இருப்பவை: மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. பாட்டுக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி2035 கண்டென்சர் மைக். மிருதங்கத்துக்கு ஷூர் எஸ்எம்57. ஹெட்ஃபோன் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம். பதிவு மென்பொருள் ரீப்பர். மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கவில்லை. இந்த அளவு அறையில் ஸ்பீக்கர் வைத்து மிக்ஸ் செய்தால், கேட்பதில் பாதி ஸ்பீக்கர், பாதி சுவர்.

சுவர் என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால் அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. அப்படியென்றால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112-லும் ஒலி தேங்கும். சதுர அறையில் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே அதிர்வெண்ணில் கூட்டுச் சேரும். கூரையும் பத்தடி உயரம் என்றால் கேட்கவே வேண்டாம். மிருதங்கத்தில் தாழ்ந்த நாதம் தரும் பெரிய வாயான தொப்பியின் சத்தம் நடமாடுகிற இடம் இந்தப் பக்கம்தான். அதனால் மூலையில் உட்கார்ந்தால் 'தொம்' பூதாகாரமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் மைக் வைத்தால் அடிப்பகுதி காணாமல் போயிருக்கும். மைக்கை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கு முட்டை அட்டையும் ஒரு அங்குல ஃபோமும் ஒட்டுகிறார்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். ஒரு அங்குல ஃபோம் அதை என்ன செய்துவிடும்? மேல் அதிர்வெண்களை மட்டும் தின்றுவிட்டு, குரலை மந்தமாக்கி, கீழே இருக்கிற இரைச்சலை அப்படியே விட்டுவிடும். எனக்குப் பலன் கொடுத்தது நாலு அங்குல ராக்வூல், அதாவது கல்லிழைப் பஞ்சு. ஏசி டக்ட் வேலைக்குப் பொருள் விற்கிற கடைகளில் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்க வேண்டும். தச்சரிடம் சொல்லி நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம் அடித்து, உள்ளே ராக்வூல் வைத்து, மேலே பருத்தித் துணி இழுத்துக் கட்டினால் பேனல் தயார். மூலைகளில் சுவரை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள், அரிப்பு லேசில் போகாது.

அந்தச் செலவும் இப்போதைக்கு வேண்டாம் என்றால் தரையில் பவானி ஜமக்காளம், பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை, துணி நிறைந்த பீரோவின் திறந்த கதவு. மெத்தை ஏன் பின்னால் என்று கேட்பார்கள். கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் கேட்கும் மைக், பாடகரைப் பார்க்கிறது. பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. மைக்குக்குப் பின்னால் மெத்தை வைப்பதில் அந்த அளவு பிரயோஜனம் இல்லை.

இனி மிருதங்கம். பாட்டைப் பதிவு செய்ய வழி சொல்லும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. மிருதங்கத்துக்கு வரும்போது டிரம்ஸுக்கு எழுதியதைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். தனியாக வாசிப்பவருக்கு நான் இரண்டு மைக் வைக்கிறேன். வலந்தலை என்கிற சின்ன வாய்ப் பக்கம் ஏடி2035, ஒரு அடி தள்ளி, நடுவில் உள்ள கறுப்புக் கரணையை நேராகப் பார்க்காமல் விளிம்பை நோக்கிச் சாய்த்து. அதில் 10 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது; மிருதங்கத்துக்கு அதை எப்போதும் போட்டுவிடுவேன். தொப்பிப் பக்கம் எஸ்எம்57, ஆறேழு அங்குலத்தில். 1965-லிருந்து விற்பனையில் இருக்கிற மைக் இது. கிட்டே வைத்தால் கீழ் அதிர்வெண் கூடும், தொப்பிக்கு அது சாதகம்.

இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது பல சமயம் தொப்பியில் இழுத்து வாசிக்கும் 'கும்கி' மெலிந்து போயிருக்கும். காரணம் எளிது. தொப்பியைத் தட்டும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று தள்ள, வலந்தலைத் தோல் தன் மைக்கை நோக்கி வெளியே வருகிறது. இரண்டு மைக்கும் ஒன்றுக்கொன்று எதிராகப் பதிகின்றன. ரீப்பரில் ஒரு டிராக்கின் ஃபேஸ் பொத்தானை அமுக்கினால் அதன் அலை தலைகீழாகும். அமுக்கிக் கேளுங்கள், எடுத்துவிட்டுக் கேளுங்கள், எதில் அடிப்பகுதி நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் மணிக்கணக்காக உருட்டுகிறவர்கள் இந்த ஒரு பொத்தானை மறந்துவிடுகிறார்கள்.

தொப்பியில் அப்புகிற ரவையையும் கவனிக்க வேண்டும். ஃபேனும் ஏசியும் நிறுத்திய அறையில்கூட வாசிக்க வாசிக்க அது காயும். காயக் காய 'தொம்' மேலே ஏறும். முதல் டேக்கில் இருக்கும் தொப்பியும் முக்கால் மணி நேரம் கழித்து எடுத்த டேக்கின் தொப்பியும் ஒட்டாது. நடுவில் வெட்டி ஒட்டினால் சங்கீதம் தெரியாதவர் காதுக்கும் தெரிந்துவிடும். எனவே தனி ஆவர்த்தனத்தை ஒரே மூச்சில் இரண்டு மூன்று முறை வாசிக்கச் சொல்லி, நடுவில் ரவையைத் தொடாமல் இருக்கச் சொல்கிறேன். வித்வான்கள் ஒப்புக்கொள்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டேதான்.

பாட்டும் மிருதங்கமும் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு மைக். கச்சேரி மேடை மாதிரி பக்கவாட்டில் உட்காராமல் எதிரெதிரே உட்கார வைக்கிறேன். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தில் மிகக் குறைவாகக் கேட்கும். பாடகரின் மைக் பாடகரைப் பார்த்தால் அதன் முதுகு மிருதங்கத்தைப் பார்க்கும். சத்தம் கலப்பது குறைகிறது. கூடவே இருவரும் முகம் பார்த்துத் தாளம் போட முடிகிறது, அது இன்னும் பெரிய லாபம். காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக் போட்டு முதலில் பாட்டு, அப்புறம் மிருதங்கம் என்று தனித்தனியாக எடுத்த பதிவுகளும் என்னிடம் உண்டு. சுத்தமாக இருக்கும், ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் தலையாட்டாத சுத்தம்.

2ஐ2-வின் எல்லை இங்கேதான் தெரிகிறது. வயலினும் வந்துவிட்டால் மூன்று இன்புட் வேண்டும், இதில் இருப்பது இரண்டு. தனியாகப் பாடுகிறவர், வீணை வாசிக்கிறவர், ஆடிஷனுக்கு அனுப்புகிற மாணவர், இவர்களுக்கு இது தாராளம். பக்கவாத்தியங்களோடு எடுக்கும் எண்ணம் உள்ளவர் தொடக்கத்திலேயே நாலு இன்புட் உள்ளதை வாங்கிவிடலாம். பாடுகிறவர் தன் குரலைக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக வரும் டைரக்ட் மானிட்டர் வழியாகக் கேட்பதால், கம்ப்யூட்டரில் ஏற்படும் தாமதம் எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

தம்புராவை அறையில் ஸ்பீக்கரில் போடாதீர்கள். பாட்டின் மைக்கில் அது கலந்துவிட்டால், பிறகு எங்கே வெட்டினாலும் தம்புரா ஒரு துள்ளு துள்ளும். ஹெட்ஃபோனில் மட்டும் கொடுத்து, கடைசியில் மிக்ஸில் தனி டிராக்காகச் சேர்த்தால் போதும். மூடிய ஹெட்ஃபோன் இரண்டு காதிலும் இருந்தால் சிலருக்குச் சுருதி இறங்கும். ஒரு காதைத் திறந்து விடச் சொன்னால் சரியாகிவிடும்.

லெவல் விஷயத்தில் 24 பிட்டில் பதியும்போது சிவப்பு விளக்கு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. மைனஸ் 12 டெசிபல் பக்கம் உச்சம் தொட்டால் போதும். மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுக்கும்போது அந்த இடைவெளி தேவைப்படும். வீடியோவுக்கும் போகும் என்பதால் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்குக் கீழ் ஸ்தாயிப் பஞ்சமமான மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். எனவே ஏடி2035-ல் உள்ள 80 ஹெர்ட்ஸ் லோ கட் சுவிட்சைப் பாட்டுக்குத் தயங்காமல் போடலாம், தெருவில் போகும் லாரியின் உறுமலில் பெரும்பகுதி போய்விடும். மிருதங்கத்துக்குப் போட்டால் தொப்பியில் கை வைத்த மாதிரி. பிட்ச் திருத்தும் மென்பொருளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், ஓரிடத்தில் நிற்காமல் அசையும் தோடி காந்தாரத்தை அதனிடம் கொடுத்துப் பாருங்கள்.

ரீப்பர் 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கத் தருகிறது. தனிநபர் உரிமம் 60 டாலர். ஒரு காலத்தில் எல்லார் கம்ப்யூட்டரிலும் இருந்த வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதற்கும் மூலகர்த்தா. பார்க்க அழகில்லை, பழைய லேப்டாப்பிலும் ஓடும். எனக்கு அது போதும்.

ஹெட்ஃபோனில் வெல்வெட் மாதிரியான காதுறை இருப்பது நம் வெயிலுக்கு நல்லது. செயற்கைத் தோல் வேர்வையில் உரிந்து கொட்டும். கண்டென்சர் மைக்கை மழைக்காலத்தில் ஸ்டாண்டிலேயே விட்டுவைக்கக் கூடாது. ஈரம் ஏறினால் பதிவில் 'பட்பட்' என்று பொரியும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பானால் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஹெட்ஃபோனில் 'உம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் இன்டர்ஃபேஸைச் சந்தேகிக்கும் முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கும். எலக்ட்ரீஷியன் வரும்வரை பேட்டரியில் பதியலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர் கையில் இருக்கும் தொகையில் பாதியை ராக்வூலுக்கும் தச்சருக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் மைக் தேடட்டும். நாகஸ்வரமும் தவிலும் எடுக்க வேண்டும் என்று யாராவது போன் செய்தால் மட்டும், பத்துக்குப் பத்து அறை வேண்டாம், நல்ல கல்யாண மண்டபமாகக் காலியாக இருக்கும் நாளில் பிடியுங்கள், மைக்கோடு நான் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.